மாவளியில் பொறி ஏன் பறக்கவில்லை? வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆடி முதல் தேதியில் சேலம் பக்கம் தேங்காய் சுடுவார்கள். அதே ஆடியில் மதுரைப் பக்கம் முளைப்பாரி, சென்னைப் பக்கம் கூழ். ஓசூரில் யுகாதி, கன்னியாகுமரியில் விஷுக் கனி காணுதல். ஒரே மாநிலத்துக்குள் ஊருக்கு ஊர் பண்டிகை மாறுகிறது, செய்முறையும் மாறுகிறது. இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை "எங்கள் வீட்டில் செய்தோம், சரியாக வரவில்லை" என்ற ரகம். பண்டிகை வரும் வரிசையிலேயே பதில் சொல்கிறோம்.

கேள்வி: ஆடி 1 அன்று தேங்காய் சுட்டோம். ஒன்று பட்டாசு போல வெடித்தது. இன்னொன்றில் ஓடு கரிந்துவிட்டது, உள்ளே அரிசி வேகவே இல்லை. அழிஞ்சிக் குச்சியும் கிடைக்கவில்லை. என்ன செய்யலாம்? (வாசகி, நாமக்கல்)

பதில்: இரண்டுக்கும் காரணம் தீதான். கொழுந்துவிட்டு எரியும் தீயில் ஓடு சீக்கிரம் கரிந்துவிடும், சூடு உள்ளே போய்ச் சேர்வதற்குள் தேங்காயை இறக்கிவிடுவீர்கள். தென்னை மட்டையும் விறகும் எரிந்து அடங்கிக் கனலாக இருக்கும்போது பிடியுங்கள். 20 முதல் 30 நிமிடம், கை ஓயாமல் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

முதலில் தேங்காய்த் தேர்வு. நன்றாக முற்றியது, ஆட்டினால் தண்ணீர் சத்தம் கேட்பது, ஓட்டில் கீறல் இல்லாதது. நாரை முழுவதும் உரித்துவிட்டு, சொரசொரப்பான தரையில் தேய்த்து ஓட்டை வழவழப்பாக்குங்கள். நார் மிச்சமிருந்தால் அதுதான் முதலில் தீப்பிடிக்கும். மூன்று கண்ணில் மெத்தென்று இருப்பதை மட்டும் குத்தித் திறந்து, தண்ணீரை ஒரு டம்ளரில் வடித்து வையுங்கள். நடுத்தரத் தேங்காய் ஒன்றுக்கு, அரை மணி நேரம் ஊறிய பச்சரிசி 2 ஸ்பூன், வறுத்த பாசிப்பருப்பு 1 ஸ்பூன், அவலும் பொட்டுக்கடலையும் தலா 1 ஸ்பூன், எள் அரை ஸ்பூன், பொடித்த வெல்லம் 3 ஸ்பூன், கொஞ்சம் ஏலக்காய். வடித்த தண்ணீரில் கொஞ்சத்தைத் திரும்ப ஊற்றுங்கள். எல்லாம் சேர்ந்து முக்கால் பங்குக்கு மேல் போகக்கூடாது. அரிசி உப்பும், தண்ணீர் ஆவியாகும். இரண்டுக்கும் உள்ளே இடம் வேண்டும். கழுத்துவரை நிரப்பி, குச்சியையும் அடித்து இறுக்கினால் ஆவி போக வழியில்லை. உங்கள் தேங்காய் வெடித்தது அதனால்தான்.

குச்சியைக் கூராகச் சீவி, கையால் திருகி நிற்கும் அளவுக்குச் செருகினால் போதும். 3 அல்லது 4 அடி நீளம் இருந்தால்தான் முகம் தீயிலிருந்து தள்ளி இருக்கும். அழிஞ்சி கெட்டியான மரம், பச்சையாக இருக்கும்போது எளிதில் தீப்பிடிக்காது, அதனால் அதைத் தேடிப் போகிறார்கள். கிடைக்காவிட்டால் பச்சை மூங்கில் பிளாச்சு போதும். வேலியில் நேராக நீளமாக வளர்ந்திருக்கிறதே என்று அரளிக் குச்சியை மட்டும் ஒடித்துவிடாதீர்கள். அரளி முழுச் செடியும் நஞ்சு, அதன் சாறு தேங்காய்த் தண்ணீரில் இறங்கும். குழந்தைகளைக் குச்சி ஒடிக்க அனுப்பும் வீடுகள் இதைச் சொல்லித்தான் அனுப்ப வேண்டும்.

வெந்ததற்கு அடையாளம்: குச்சியைச் சுற்றி 'சொய்ங்' என்று நுரை கட்டும், பிறகு அது அடங்கி, வறுத்த தேங்காய் மணம் வரும், கடைசியில் ஓட்டில் மெல்லிய வெடிப்பு ஓடும். அப்போது இறக்கி, பத்து நிமிடம் ஆறவிட்டு, பிள்ளையாருக்குப் படைத்துவிட்டு உடையுங்கள். பருப்பு பூப்போல் வெந்து, பூரணம் தேங்காயோடு ஒட்டிக்கொண்டு வர வேண்டும்.

கேள்வி: எங்கள் அம்மன் கோயில் முளைப்பாரிக்கு இந்த ஆண்டு நான்தான் வளர்த்தேன். பாதி அழுகிவிட்டது, மீதி பச்சையாகக் கட்டையாக நின்றது. பெரியவர்கள் வருத்தப்பட்டார்கள். (வாசகி, மானாமதுரை)

பதில்: மனம் உடைய வேண்டாம், இரண்டும் சரிசெய்யக்கூடிய தவறுதான். தெய்வக்குற்றம் என்று யாராவது சொன்னால், சட்டியின் அடியில் ஓட்டை இருந்ததா என்று முதலில் கேளுங்கள். அழுகலுக்குப் பெரும்பாலும் தண்ணீர் தேங்கியதுதான் காரணம். மண் சட்டியில் இரண்டு மூன்று ஓட்டை, அதன்மேல் ஒரு விரல்கடை வைக்கோல், அதற்கு மேல் நன்றாகக் காய்ந்து பொடியான மாட்டெரு அல்லது ஆட்டெரு. ஈரச் சாணம் போட்டால் அது மக்கும்போது சூடு கிளம்பி முளையை வேகவைத்துவிடும். தண்ணீரைச் செம்பால் ஊற்றக்கூடாது. காலையும் மாலையும் கையால் தெளிக்க வேண்டும். மஞ்சள் கலந்து தெளிப்பது பல ஊர்களில் வழக்கம்.

விதைகளை ஒரே நாளில் ஊறப்போட்டதும் தவறாக இருக்கலாம். நவதானியம் என்று ஒரே பையில் வாங்கினாலும் ஒவ்வொன்றும் முளைக்கும் வேகம் வேறு. நெல்லை 24 மணி நேரம் ஊறவைத்து, ஈரச் சாக்கில் இன்னும் ஒரு நாள் கட்டி வைக்க வேண்டும். தட்டைப்பயறு, பாசிப்பயறு, உளுந்து எல்லாம் ஓர் இரவு ஊறினால் போதும். மொச்சையை அதற்குமேல் ஊறவிட்டால் தோல் வழுவழுத்து அழுகும். ஆகவே நெல்லை இரண்டு நாள் முன்னதாகவே தொடங்குங்கள். சோளத்தையும் கம்பையும் ஓரமாகவும், உயரமாக வரும் தட்டையையும் மொச்சையையும் நடுவிலும் தூவினால் சட்டி கோபுரம் போல எழும்பும்.

பச்சையாகக் கட்டையாக நின்றதற்குக் காரணம் வெளிச்சம். இருட்டில் முளைத்த பயிர் வெளிச்சத்தைத் தேடி மளமளவென்று உயரும், பச்சையம் உண்டாகாததால் வெளிர்மஞ்சளாக இருக்கும். முளைப்பாரிக்கு அந்த மஞ்சள்தான் அழகு. கதவை அடிக்கடி திறந்து பார்த்தாலோ, படம் எடுக்க வெளியே கொண்டுவந்தாலோ பச்சை ஏறி வளர்ச்சி நின்றுவிடும். ஒரே பக்கம் சாய்ந்தாலும் அந்தப் பக்கம் எங்கோ சந்து இருக்கிறது என்று அர்த்தம். கதவிடுக்கில் ஒரு சாக்கைத் தொங்கவிடுங்கள். தண்ணீர் தெளிக்கப் போகிறவர் ஒருவராகவே இருக்கட்டும். முளைப்பாரி அறைக்கு வேறு யாரும் போகக்கூடாது என்ற பழைய கட்டுப்பாட்டால் பயிருக்கு நல்லதே நடந்திருக்கிறது.

இருட்டில் வளர்ந்த தண்டு வலுவில்லாதது, ஊர்வலத்தில் தலையில் வைத்ததும் சரியும். கிளம்புமுன் பயிரைச் சுற்றித் தளர்வாகப் பூச்சரம் கட்டினால் தாங்கும். கரைக்கும்போது பயிரை மட்டும் நீரில் விட்டுவிட்டு, சட்டி பிளாஸ்டிக் என்றால் கையோடு திரும்ப எடுத்து வாருங்கள்.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று விதைப்பு தொடங்கும் நேரத்தில் முளைப்பாரி வருவது பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஒரு படி விதை எடுத்து இருட்டறையில் முளைக்க வைத்துப் பார்த்தாலே, குதிரில் இருக்கும் மீதி விதை எப்படி என்று தெரிந்துவிடும்.

கேள்வி: எங்கள் தெருக் கோயிலில் சுமார் 50 பேருக்குக் கூழ் ஊற்ற வேண்டும். கேழ்வரகு எவ்வளவு? போன ஆண்டு கட்டிகட்டியாகிவிட்டது. (வாசகர், திருவொற்றியூர்)

பதில்: ஒரு கிலோ கேழ்வரகு மாவு, கால் கிலோ அரிசி நொய். கரைத்து முடித்தால் சுமார் 12 லிட்டர் வரும், ஆளுக்கு ஒரு டம்ளர் தாராளம். இரண்டாம் சுற்றுக்கு வருகிறவர்களும் உண்டு என்பதால் ஒன்றரைக் கிலோ போடுவது நல்லது.

கட்டி விழுவது மாவைக் கொதிநீரில் நேரே கொட்டுவதால். முதல் நாள் இரவே மாவைத் தோசைமாவு பதத்துக்குக் கரைத்து மூடி வையுங்கள், காலையில் லேசாகப் புளித்திருக்கும். நொய்யை 4 லிட்டர் தண்ணீரில் குழைய வேகவிட்டு, தணலைக் குறைத்து, புளித்த மாவை ஒருவர் ஊற்ற ஒருவர் துடுப்பால் விடாமல் கிண்டட்டும். கையை நனைத்துக் கூழைத் தொட்டுப் பாருங்கள். ஒட்டாவிட்டால் வெந்துவிட்டது. ஒட்டினால் இன்னும் பத்து நிமிடம். வேகாத கேழ்வரகு வயிற்றைப் பிடிக்கும், இதில் அவசரப்படாதீர்கள்.

வெந்ததை ஆறவிட்டு, மறுநாள் உப்பும் கடைந்த மோரும் பொடியாக நறுக்கிய சின்ன வெங்காயமும் சேர்த்துக் கரைக்க வேண்டும். புளித்த கூழை அலுமினியப் பாத்திரத்தில் இரவு முழுக்க வைக்காதீர்கள், புளிப்பு உலோகத்தை அரிக்கும். மண் பானை இருந்தால் சிறப்பு, இல்லாவிட்டால் எவர்சில்வர். கசப்புத் தட்டினால் மாவு பழசு. கேழ்வரகை ஆடி பிறந்தபின் கழுவிக் காயவைத்து அரைத்துக்கொள்ளுங்கள். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரைப் பொரியலும் மாங்காயும். கருவாட்டுக் குழம்பு உங்கள் கோயில் வழக்கத்தைப் பொறுத்தது.

கேள்வி: கார்த்திகை தீபத்துக்குப் பிள்ளைகளுக்கு மாவளி (கயிற்றில் கட்டிச் சுற்றினால் பொறி பறக்கும் கரிச்சுருள்) செய்து கொடுத்தேன். புகைதான் வந்தது, பொறி பறக்கவில்லை. இன்னொன்று குபுக்கென்று எரிந்து தீர்ந்தது. (வாசகர், விழுப்புரம்)

பதில்: மாவளியைக் கையால் செய்து கொடுக்கிறவர்கள் குறைந்துவிட்ட காலத்தில் இந்தக் கேள்வி வந்ததே மகிழ்ச்சி. விரிவாகவே சொல்கிறோம்.

வேலை கார்த்திகையில் தொடங்குவதில்லை, கோடையில் தொடங்குகிறது. ஆண் பனையில் விரல் விரலாகத் தொங்கும் பூக்கதிர் காய்ந்து அடியில் உதிர்ந்து கிடக்கும். அதைப் பொறுக்கி, மழை படாத பரணில் போட்டு வைக்க வேண்டும். கார்த்திகைக்கு நான்கு நாள் முன்பு, அடைமழைக்கு நடுவே போய்த் தேடினால் நனைந்து பூசணம் பிடித்ததுதான் கிடைக்கும். புகைக்கு முதல் காரணம் அந்த ஈரம்.

அடுத்தது கரி சுடுவது. ஒன்றரை அடி ஆழப் பள்ளத்தில் பூவை அடுக்கிக் கொளுத்துங்கள். தீநாக்கு அடங்கி, எல்லாம் செக்கச்செவேல் என்று கனலும் நொடியில் மேலே ஈரச் சாக்கைப் போட்டு மண்ணால் மூடிவிட வேண்டும். ஒரு சந்துகூட இருக்கக்கூடாது. காற்றுப் போனால் கரி எரிந்து சாம்பலாகும், சாம்பலில் பற்றுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. மறுநாள்தான் திறக்க வேண்டும். எடுத்ததைக் கையில் பாருங்கள்: பூவின் உருவம் கெடாமல், இறகு போல லேசாக, ஒடித்தால் 'கணீர்' என்று ஒடியும் கறுப்புதான் கரி. சாம்பல் நிறத்தில் தொட்டதும் பொடியாவதை ஒதுக்கிவிடுங்கள். பழுப்பாக வளைவது முழுதாக வேகாதது, அதிலிருந்துதான் புகை வரும்.

கரியைக் கோலமாவு பதத்துக்கு இடித்துச் சலியுங்கள். நான்கு கைப்பிடி பொடிக்கு ஒரு தேக்கரண்டி கல்லுப்பு, இடித்துக் கலந்தால் சூட்டில் படபடவென்று வெடித்துப் பொறியைத் தூக்கிவிடும். பொடியை ஒரு முழ நீளப் பழைய பருத்தித் துணியில் கட்டைவிரல் பருமனுக்குச் சுருட்டி, இரண்டு விரல்கடைக்கு ஒரு கட்டு என்று நூலால் இறுக்குங்கள். உங்கள் இரண்டாவது மாவளி குபுக்கென்று எரிந்ததற்குக் காரணம் இங்கேதான். தளர்வாகக் கட்டினால் உள்ளே காற்றுப் புகுந்து எல்லாம் ஒரே சமயத்தில் பற்றிக்கொள்ளும். அமுக்கிப் பார்த்தால் மரக்குச்சி போலக் கெட்டியாக இருக்க வேண்டும். பாலியெஸ்டர் கலந்த துணி உருகிச் சொட்டும், கையில் பட்டால் தோலோடு ஒட்டும். அதைத் தொடவே வேண்டாம்.

பச்சைப் பனைமட்டையை ஒன்றரை அடிக்கு வெட்டி மூன்றாகப் பிளந்து, நடுவில் இந்தச் சுருளை வைத்து மேலும் கீழும் கட்டுங்கள். காய்ந்த மட்டை தானே எரிந்துவிடும். அடிப்பக்கம் மூன்றடிக் கயிறு. சுருளின் நுனியில் ஒரு நெருப்புத் துண்டை வைத்து, கரி கனியும்வரை மெல்ல ஆட்டுங்கள். கனிந்தபின் தலைக்கு மேலே வீசிச் சுற்றினால், ஒவ்வொரு சுற்றிலும் பிரியும் கரித்துகள் காற்றுப்பட்டுப் பொறியாகும். இருட்டில் பொன்வட்டம் ஒன்று தலைக்கு மேல் நிற்பதுபோல் இருக்கும், பிள்ளைகள் "மாவளியோ மாவளி" என்று கத்துவதற்கு வேறு தூண்டுதல் தேவையில்லை.

சுற்றுகிறவருக்கு நாலாபுறமும் பத்தடி வெற்றிடம் வேண்டும். கயிற்றை முன்கூட்டியே இழுத்துப் பார்த்துவிடுங்கள். வைக்கோல் போர், கூரை வீடு, துணிக்கொடி பக்கம் வேண்டாம். பருத்திச் சட்டை, வாளியில் தண்ணீர். பட்டாசு மருந்தைக் கலந்தால் பொறி கூடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது கையிலேயே வெடிக்கும். பனம்பூ கிடைக்காதவர்கள் தேங்காய் ஓட்டுக் கரியை முயல்கிறார்கள். அது கெட்டிக் கரி, சீக்கிரம் பற்றாது, பொறியும் குறைவு. ஆண்பனை நிற்கும் ஊரில் இருக்கும் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

கேள்வி: கார்த்திகைப் பொரி உருண்டை பிடிக்கும்போதே உதிர்கிறது. (வாசகி, திண்டுக்கல்)

பதில்: பாகு இளசு. ஒரு கப் பொடித்த வெல்லத்துக்குக் கால் கப் தண்ணீர், கரைந்ததும் வடிகட்டிக் காய்ச்சுங்கள். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டி, தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வர வேண்டும். இதற்கு 5 கப் பொரி. மழைக்காலத்தில் பொரி நமத்துப் போயிருக்கும், முதலில் வெறும் வாணலியில் சூடேற்றிக்கொள்ளுங்கள். பிடிக்கும்போது கையில் தண்ணீர் தொடாமல் அரிசிமாவு தொட்டுக்கொள்ள வேண்டும். ஆறிவிட்டால் பிடிக்க வராது, இரண்டு பேராக உட்காருங்கள்.

கேள்வி: புது மண்பானையில் பொங்கல் வைத்தோம், அடுப்பிலேயே கீறிவிட்டது. (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: புதுப்பானையைப் போகிக்கு முன்னரே ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் மூழ்கவைத்து, அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றிச் சிறுதீயில் கொதிக்கவிடுங்கள். கஞ்சி நுண்துளைகளை அடைக்கும். பொங்கலன்று வெறும் பானையை அடுப்பில் ஏற்றாதீர்கள், பாலோ தண்ணீரோ முக்கால் பானை இருக்கட்டும். சூடான பானையில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினாலும் கீறும், சேர்ப்பதென்றால் வெந்நீர்.

பலர் கேட்காமலே செய்யும் தவறு ஒன்று: அரிசி குழைவதற்குள் வெல்லம் சேர்ப்பது. வெல்லம் விழுந்தபின் அரிசி மேற்கொண்டு வேகாது, பாலும் திரியலாம். அரிசியை நசுக்கினால் மசிகிற பதம் வந்தபிறகு, வெல்லத்தைத் தனியே கரைத்து வடிகட்டி, தீயைக் குறைத்து ஊற்றுங்கள்.

கொங்கில் போகியன்று காப்புக் கட்டுவீர்கள் அல்லவா? வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றும் அந்த வாரம் வேலியோரம் இருக்கும். பூளை என்பது சிறுபீளைதான். கணுவுக்குக் கணு வெண்பஞ்சு போல ஒட்டியிருக்கும் செடி. வேரோடு பிடுங்காமல் ஒடித்தெடுத்தால் அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும்.

கேள்வி: பக்கத்து வீட்டாருக்கு யுகாதி ஒவ்வோர் ஆண்டும் வேறு தேதியில் வருகிறது. எங்கள் சித்திரை 1 ஏப்ரல் 14ஐ விட்டு அசைவதில்லை. நாகர்கோவிலில் இருக்கும் தங்கை சில ஆண்டு ஏப்ரல் 15 அன்று கனி காண்கிறாள். எது சரி? (வாசகி, ஓசூர்)

பதில்: மூன்றும் சரி. யுகாதி நிலாக் கணக்கு. பன்னிரண்டு நிலா மாதம் சேர்ந்தால் 354 நாள்தான், ஆகவே ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னால் வரும். 2024இல் ஏப்ரல் 9, 2025இல் மார்ச் 30, 2026இல் மார்ச் 19. இப்படியே விட்டால் மாரிக்காலத்துக்குப் போய்விடும் என்பதால் ஏறக்குறைய 32 மாதத்துக்கு ஒருமுறை அதிக மாதம் ஒன்றைச் சேர்த்துப் பின்னுக்கு இழுக்கிறார்கள். சித்திரை 1 சூரியக் கணக்கு, சூரியன் மேஷத்தில் நுழையும் நாள். அந்த நுழைவு சூரிய உதயத்துக்குப் பிறகு, சூரியன் மறைவதற்குள் நிகழ்ந்தால் தமிழ் ஆண்டுப்பிறப்பு அன்றே, கனியோ விடியற்காலையில் காண்பது என்பதால் விஷு மறுநாள். 2026இல் அப்படித்தான்.

உங்கள் இரு வீட்டுக்கும் பொதுவானது வேப்பம்பூ. பக்கத்து வீட்டு யுகாதிப் பச்சடியில் அடுப்பு வேண்டாம்: ஒரு கப் புளித்தண்ணீர், அரைக் கப் வெல்லம், பொடியாக நறுக்கிய மாங்காய் கால் கப், பூ ஒரு தேக்கரண்டி, உப்பும் மிளகும் சிட்டிகை. பூவைக் கடைசியில் போட்டால்தான் கசப்பு அளவோடு நிற்கும். காம்போடு போட்டாலோ முன்கூட்டி ஊறவிட்டாலோ கசப்பு முழுவதையும் இறக்கிவிடும். உங்கள் சித்திரைப் பச்சடியில் மாங்காயை வேகவைத்து வெல்லம் சேர்த்து, பூவை நெய்யில் கருஞ்சிவப்பாக வறுத்துப் பரிமாறும்போது தூவுகிறீர்கள். வறுத்த பூவில் கசப்போடு மணமும் வரும்.

பூ பங்குனியில் உதிரத் தொடங்கும். இரவே மரத்தடியைப் பெருக்கி வெள்ளை வேட்டியை விரித்துவிட்டு, வெயில் ஏறுமுன் சுருட்டி எடுங்கள். முறத்தில் புடைத்துக் காம்பை நீக்கி, நிழலில் இரண்டு மூன்று நாள் உலர்த்திக் கண்ணாடிப் புட்டியில் போட்டால் ஓராண்டுக்கு வரும். வெயிலில் நேராகக் காயவைத்தால் நிறம் கறுத்து மணம் போய்விடும்.